கட்டிலில் கிடப்பவர் எந்தக் கணக்கில்?

தங்கவயல் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். இன்றைய ஷிப்டில் கீழே இறங்கியவர் எத்தனை பேர்? மேலே ஏறி வந்தவர் எத்தனை பேர்? இரண்டும் ஒத்துப் போனால்தான் லைனில் அடுப்பு எரியும். ஒரு தலை குறைந்தாலும் தாய்மார்கள் கைக்குழந்தையோடு ஷாஃப்ட் வாசலில் போய் நிற்பார்கள். அந்த ஒருவன் உயிரோடோ பிணமாகவோ மேலே வரும் வரையில் கணக்குப் புத்தகத்தை மூட முடியாது.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. சுரங்கம் போனாலும் அந்தக் கணக்கை நாம் மறக்கக் கூடாது. அந்தக் கணக்கைப் போடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத்தான் இம்மாதம் எழுதுகிறேன்.

அணு உலையில் பெரிய விபத்து நேர்ந்து, சுற்று வட்டார மக்களை வெளியேறச் சொல்லி உத்தரவு வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கால் உள்ளவன் நடப்பான், வண்டி உள்ளவன் ஓட்டுவான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரை யார் தூக்குவது? எதில் ஏற்றுவது? எங்கே கொண்டு போய் இறக்குவது? தூக்கவே கூடாத நிலையில் இருப்பவரோடு யார் தங்குவது?

"தங்கவயலுக்கும் அணு உலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நம் ஊர்ச் சுரங்கத்துக்குள் 1980-களிலேயே, சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், பாபா அணு ஆராய்ச்சி நிலையம் பாறையைச் சூடுபடுத்திப் பார்த்தது. அணுக்கழிவைப் பாறைக்குள் புதைத்தால் பாறை தாங்குமா என்று அறியும் சோதனை அது. 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கின்போது, அணுக்கழிவு வைக்கும் இடமாகக் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது. தங்கவயல் கொதித்தெழுந்தது. கட்சி, மொழி, சாதி பாராமல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பிறகுதான், அப்படி ஒரு முடிவு இல்லை என்று மத்திய சர்க்கார் தரப்பில் சொன்னார்கள்.

இதைத் தவிர, நம் உறவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பெண் கொடுத்த வீடு செங்கல்பட்டுப் பக்கம், கல்பாக்கம் அருகே. பங்காளி வீடு திருநெல்வேலிச் சீமையில், கூடங்குளம் அருகே. பிழைக்க வந்த இந்தக் கர்நாடகத்திலும் கைகாவில் நான்கு உலைகள் ஓடுகின்றன. நம் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர் நர்ஸாக, ஆயாவாக, துப்புரவுத் தொழிலாளியாக ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறார்கள். உத்தரவு வரும் நாளில் வார்டில் நிற்கப் போகிறவர்கள் அவர்கள்தாம். ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள். 2011 மார்ச் 11-ஆம் தேதி நிலம் நடுங்கியது, கடல் பொங்கியது, ஃபுகுஷிமா அணு நிலையத்தில் மின்சாரம் அற்றுப் போனது. மறுநாள் விடிகாலை, 10 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளவர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. உலையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், ஒக்குமா ஊரில், ஃபுதாபா ஆஸ்பத்திரி இருந்தது. அதை ஒட்டி ஒரு முதியோர் இல்லம். இரண்டிலுமாக நானூறுக்கும் மேற்பட்டவர்கள். பாதிக்கு மேல் கிழவர் கிழவிகள். பலர் மூக்குக் குழாய் வழியே ஆகாரம் எடுப்பவர்கள், தாமாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள்.

12-ஆம் தேதி பஸ்கள் வந்தன. நடக்கக் கூடிய 209 பேரை ஏற்றினார்கள். ஊழியர்களில் பெரும்பாலோரும் அவர்களோடு போனார்கள். மிச்சம் பேருக்கு அடுத்த வண்டி வரும் என்று நம்பினார்கள். வரவில்லை. ஆஸ்பத்திரியில் 129 பேர், முதியோர் இல்லத்தில் 98 பேர், கூடவே தலைமை டாக்டரும் விரல் விட்டு எண்ணக் கூடிய சில ஊழியர்களும். மின்சாரம் இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. குளிர்காலம் முடியாத நேரம். இரண்டு இரவுகள் இப்படிப் போயின.

14-ஆம் தேதிதான் இராணுவம் வந்தது. முதியோர் இல்லத்தின் 98 பேரையும், ஆஸ்பத்திரியில் 34 பேரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். படுக்க வேண்டியவர்களை ஸீட்டில் உட்கார வைத்தார்கள். முதலில் வடக்கே கொண்டு போய்க் கதிர்வீச்சுச் சோதனை. பிறகு தெற்கே இவாக்கி நகரம். நேர்வழி உலைக்குப் பக்கமாகப் போவதால் அந்த வழி அடைப்பு. சுற்றிச் சுற்றி 230 கிலோமீட்டர், பத்து மணி நேரத்துக்கும் மேல். போய் இறங்கிய இடமும் ஆஸ்பத்திரி அல்ல, ஒரு பள்ளிக்கூடம். அதன் உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் படுக்க வைத்தார்கள். பஸ்ஸைத் திறந்தபோதே சிலர் உயிரோடு இல்லை. அந்த இரவுக்குள் இன்னும் சிலர் போனார்கள். ஆஸ்பத்திரியில் விடப்பட்ட கடைசி நோயாளிகளை 16-ஆம் தேதிதான் வெளியே எடுத்தார்கள்.

ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த சுதந்திர விசாரணைக் குழு 2012-இல் எழுதியதைப் பாருங்கள். 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள் 7 ஆஸ்பத்திரிகள், சுமார் 850 நோயாளிகள், அவர்களில் சுமார் 400 பேர் கடும் நோயாளிகள். ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலுமாக, வெளியேற்றத்தின் விளைவாக அந்த மார்ச் மாத முடிவுக்குள் மாண்டவர் குறைந்தது 60 பேர்.

தோழர்களே, இந்த 60 பேரும் கதிர்வீச்சு பட்டுச் சாகவில்லை. குளிரில் விறைத்து, தண்ணீர் வற்றி, சளி அடைத்து, மருந்து நின்று, ஆகாரக் குழாய் பிடுங்கப்பட்டுச் செத்தார்கள். எந்தக் கதிரிலிருந்து காப்பாற்றுவதற்காகத் தூக்கினார்களோ அந்தக் கதிர் தீண்டும் முன்னே, தூக்கிய விதம் கொன்றுவிட்டது. அணு விபத்து என்றால் ஓடு, ஓடு என்பதுதான் புத்தி என்று நாம் நினைத்திருக்கிறோம். கட்டிலில் கிடப்பவருக்கு அந்தப் புத்தியே எமன்.

இதை ஆராய்ச்சியும் சொல்கிறது. உலையிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், மினாமிசோமா நகரத்தில், 5 முதியோர் இல்லங்களின் கணக்கைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தார்கள். இடம்பெயர்த்த பின் அந்த முதியோரின் சாவு வேகம் முன்னைப் போல் 2.7 மடங்கு ஆகியிருந்தது. ஆனால் எல்லா இல்லத்திலும் ஒரே மாதிரி இல்லை. அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக் கொண்டு போன இடத்தில் சாவு அதிகம். போகும் இடத்தை முன்பே பேசி முடித்து, ஆகாரமும் பராமரிப்பும் தடைப்படாமல் கொண்டு போன இடத்தில் சாவு குறைவு. ஆக, விதி அல்ல காரணம், ஏற்பாடு.

தங்கி நின்று காப்பாற்றியவரும் உண்டு. உலைக்குத் தெற்கே 22 கிலோமீட்டரில் ஹிரோனோ என்ற ஊர். ஊரே காலியானபோதும் தகானோ ஆஸ்பத்திரியின் டாக்டர் ஹிதேயோ தகானோ, நகர்த்தினால் பிழைக்காத நோயாளிகளோடு அங்கேயே தங்கினார். எண்பது வயதைத் தாண்டி, 2016 டிசம்பரில் இறக்கும் வரை அந்த ஆஸ்பத்திரியை விடவில்லை. கெட்டியான சுவருக்குள், ஜன்னலை அடைத்து, உணவும் மருந்தும் டீஸலும் கையிலிருந்து, பார்த்துக் கொள்ள ஆளும் இருந்தால், சில நாட்கள் உள்ளேயே இருப்பது சில நோயாளிகளுக்கு மேலான வழி. ஆனால் அது ஒரு மகான் கிடைத்தால் நடக்கும் காரியமாக இருக்கக் கூடாது. சட்டமாக, சாமானாக, சம்பளமாக இருக்க வேண்டும்.

இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். ஃபுதாபாவில் தங்கிய அந்தச் சில ஊழியர்களையும் போலீசார் பிறகு அங்கிருந்து வெளியேற்றினார்கள். கடைசி நோயாளிகளை எடுக்க இராணுவம் வந்தபோது ஊழியர் இல்லை. உடனே மாகாண நிர்வாகம், ஆஸ்பத்திரிக்காரர்கள் நோயாளிகளை விட்டுவிட்டுப் போனார்கள் என்ற பொருள்பட அறிக்கை விட்டது. பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. உண்மை பிறகுதான் வெளிவந்தது. பழியைத் துடைக்க நெடுநாள் ஆயிற்று. திட்டம் போடாதவன் மேலே உட்கார்ந்திருக்க, இரவு பகலாக நின்றவள் தலையில் பழி! இது நாம் அறியாத கதையா? சுரங்கத்தில் விபத்து நடந்த போதெல்லாம், அடிபட்ட தொழிலாளியின் அஜாக்கிரதை என்று எழுதிய பேனாக்களை நாம் பார்த்ததில்லையா?

நீதி கிடைத்ததா என்று கேட்பீர்கள். அந்த ஆஸ்பத்திரி நோயாளிகள் உள்ளிட்ட 44 பேரின் சாவுக்காக மின்சாரக் கம்பெனியின் முன்னாள் மேலதிகாரிகள் மூவர் மேல் வழக்கு நடந்தது. 2019-இல் விடுதலை. 2023-இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. 2025-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தே போயிற்று. செத்தவர் செத்தவர்தாம்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. என் தகப்பனார் மண்ணுக்குக் கீழே முப்பது வருஷம் உழைத்தவர். கடைசிக் காலத்தில் நெஞ்சு முழுக்கப் பாறைத் தூசு. ஓர் இரவு மூச்சுத் திணறி ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விடிந்ததும், "இங்கே முடியாது, பெங்களூருக்குக் கொண்டு போங்கள்" என்றார்கள். நூறு கிலோமீட்டர். வேனில் ஏற்றிய ஆக்ஸிஜன் சிலிண்டரின் முள் பாதி வழியிலேயே கீழே இறங்க ஆரம்பித்தது. நான் அப்பாவின் முகத்தைப் பார்ப்பேனா, முள்ளைப் பார்ப்பேனா? போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்னென்ன மருந்து கொடுத்திருக்கிறார்கள்?" கேஸ் ஷீட்டை யாரும் கையில் கொடுக்கவில்லை. "சிவப்பு மாத்திரை ஒன்று, வெள்ளை மாத்திரை பாதி சாமி" என்று அம்மா சொன்னாள். அப்பா அன்று பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

ஒரே ஒரு நோயாளி. சாலை திறந்திருந்தது. சைரன் இல்லை, கூட்ட நெரிசல் இல்லை. மகன் கூடவே இருந்தான். அப்படியும் இந்தப் பாடு. நூறு நோயாளியை ஒரே ராத்திரியில் நகர்த்துவது என்றால்?

நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. பார்ப்பது ரயில்வே குமாஸ்தா உத்தியோகம். சீனிவாசபுரத்து மாம்பழக் கூடை ஒன்று பார்சலுக்கு வந்தாலும் எழுதாமல் விடமாட்டோம்: எங்கிருந்து, எங்கே, யாருக்கு, எத்தனை கிலோ, எத்தனை உருப்படி. இறக்கும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் இருக்க வேண்டும். ஃபுதாபாவில் மனிதர்களை ரசீது இல்லாமல் அனுப்பினார்கள். ஏற்றியவனுக்கு இறக்கும் இடம் தெரியாது; இறக்கியவனுக்கு வந்தவரின் நோய் தெரியாது. மாம்பழக் கூடைக்கு உள்ள மரியாதை மனித உயிருக்கு வேண்டாமா?

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். அணு நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டத்தை அவசரகால ஏற்பாட்டு வட்டம் என்று வைத்திருக்கிறார்கள். நிலையத்துக்கு வெளியே அவசர நிலை வந்தால் பொறுப்பு மாவட்டக் கலெக்டருக்கு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-இல் அணு, கதிர்வீச்சு அவசர நிலைகளுக்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2012 ஜூனில் கூடங்குளத்துக்காக நக்கனேரி கிராமத்தில் ஒத்திகை நடத்தினார்கள். 2013 மே 6-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உலையை ஓட்ட அனுமதித்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குப் பதினைந்து கட்டளைகளையும் போட்டது. காகிதத்துக்குக் குறைவில்லை.

ஆனால் ஒரு கிராமத்து ஒத்திகை எதைக் காட்டும்? நடக்கக் கூடியவன் பஸ் ஏறுவான் என்பதைக் காட்டும். பிரசவ வலியில் கிடப்பவள், டயாலிஸிஸ் மெஷினில் கிடப்பவர், பக்கவாதத்தில் கிடக்கும் பாட்டி, இன்குபேட்டரில் உள்ள பச்சைக் குழந்தை, இவர்களை ஏற்றிப் பார்த்தால்தான் ஆஸ்பத்திரி ஒத்திகை. கூடங்குளத்துப் பக்கத்து நோயாளியை நாகர்கோயில் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கோ பாளையங்கோட்டைக்கோ கொண்டு போனால், அங்கே ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும் வார்டில் இவருக்குக் கட்டில் ஏது? காலியாக்கப் போவது யார்?

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். படுத்த நிலையில் பலரை ஒரே தடவையில் கொண்டு போக ரயிலைப் போல் வாகனம் கிடையாது. 1991 முதல் ஓடும் ஆஸ்பத்திரி ரயில் இந்த நாட்டில் உண்டு. 2020-இல் கொரோனாவுக்காக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில் பெட்டிகளை நோயாளி வார்டாக மாற்றினார்கள். கூடங்குளத்தில் ஸ்டேஷன் இல்லை. ஆனால் வள்ளியூரில் இருக்கிறது. கல்பாக்கத்துக்கு ஸ்டேஷன் இல்லை, செங்கல்பட்டில் இருக்கிறது. அந்த ஸ்டேஷன் வரைக்கும் ஸ்ட்ரெச்சர் வண்டி, பிளாட்பாரத்தில் சாய்தளம், பெட்டியில் டாக்டர். இதை அமைதிக் காலத்தில் எழுதி வைக்க எவ்வளவு செலவு? ஒரு மந்திரி வரவேற்பு வளைவுக்கு ஆகும் செலவு ஆகுமா?

இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்சேபம் வரும் என்று எனக்குத் தெரியும்.

"விபத்தே வராது, வீணாகப் பீதி கிளப்பாதீர்கள்" என்பார்கள் அதிகாரிகள். ஐயா, ரயில் கவிழ வேண்டும் என்று யாரும் ரயில் விடுவதில்லை. ஆனாலும் விபத்து நிவாரண ரயிலை எப்போதும் தயாராக நிறுத்தி வைத்திருக்கிறோம். அதைப் பார்த்துப் பிரயாணி பீதி அடைவதில்லை, தைரியம் அடைகிறான்.

"உலையே வேண்டாம் என்று போராடும்போது வெளியேற்றத் திட்டம் கேட்பது உலையை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா?" என்பார்கள் நம் தோழர்களில் சிலர். அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் சுரங்கத் தொழிலாளி பாதுகாப்புக் கேட்டது முதலாளியின் லாபத்தை ஒப்புக்கொண்டதாகுமா? உலை வேண்டுமா வேண்டாமா என்ற போர் நடக்கட்டும். இன்று இரவு அந்த வட்டத்துக்குள் கட்டிலில் கிடப்பவருக்கு அந்தப் போர் முடியும் வரை பொறுத்திருக்க நேரமில்லை.

ஆகவே நாம் கேட்பது இவைதாம்:

ஒன்று. 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள் உள்ள ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் முதியோர் இல்லமும், நடப்பவர், உட்காருபவர், படுத்தவர், மெஷினில் இருப்பவர் என்று நோயாளிகளை நான்கு வகையாகப் பிரித்த கணக்கை வாராவாரம் கலெக்டருக்குத் தர வேண்டும்.

இரண்டு. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் அந்த வட்டத்துக்கு வெகு தூரத்தில் ஏற்கும் ஆஸ்பத்திரி எது என்று பெயர் குறித்து, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். பள்ளிக்கூடத் தரை கூடாது.

மூன்று. படுத்தபடி போகும் வாகனம், கூட ஒரு டாக்டர் அல்லது நர்ஸ், ஒரு குடும்பத்தார். கேஸ் ஷீட் நகல் நோயாளி உடம்போடு கட்டியிருக்க வேண்டும்.

நான்கு. நகர்த்தக் கூடாதவர்களுக்கு, உள்ளேயே பல நாள் தாங்கும் உணவு, தண்ணீர், மருந்து, ஆக்ஸிஜன், டீஸல். மாற்று ஷிப்டுக்கு ஆள்.

ஐந்து. தங்கும் நர்ஸ், ஆயா, துப்புரவுத் தொழிலாளி, ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லோருக்கும், காண்டிராக்ட் ஆளானாலும், பயிற்சியும் கதிர் அளவுமானியும் இன்ஷூரன்ஸும். அவர்கள் குடும்பத்தை முதலில் பத்திரமாக அனுப்பும் பொறுப்பு சர்க்காருக்கு. பிள்ளை எங்கே என்று தெரியாத தாய் எப்படி வார்டில் நிற்பாள்?

ஆறு. வருஷத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரி ஒத்திகை. அறிவிப்பு மக்கள் பேசும் மொழியில். கைகாவில் கன்னடத்தோடு, அங்கே வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர் மொழிகளிலும். முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.

சர்க்காரிடம் கேட்பது மட்டும் போதுமா? 2011 டிசம்பர் 9-ஆம் தேதி கல்கத்தாவில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி தீப்பிடித்துத் தொண்ணூறு பேர் அளவில் புகையில் மாண்டார்கள். நோயாளிகளை இறக்க ஓடி வந்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள். நோயாளிகளைக் காப்பாற்றி விட்டு உயிர் நீத்தவர்கள் கேரளத்து நர்ஸ்கள் இருவர். ஆபத்து நேரத்தில் கை கொடுப்பவன் ஏழைதான். நம் ஊரிலும், 2021 கொரோனாவின்போது, இருபது வருஷம் பாழடைந்து கிடந்த சுரங்க ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கிக் கட்டில் போட்டது யார்? நம் மக்கள்தாமே!

ஆகையால் சங்கக் கிளைகளுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு லைனிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார், என்ன மருந்து, தூக்க எத்தனை ஆள், பக்கத்து வீட்டில் யார் பொறுப்பு என்று எழுதுங்கள். தீ வந்தாலும் வெள்ளம் வந்தாலும் அந்த நோட்டு உதவும். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் கைகாவிலும் உள்ள உறவினருக்குக் கடிதம் எழுதும்போது, "உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இந்தக் கணக்கு உண்டா?" என்று ஒரு வரி கேளுங்கள். கலெக்டருக்குத் தரும் மனுவில் முதல் கையெழுத்து தங்கவயல் கையெழுத்தாக இருக்கட்டும்.

இறங்கியவர் எத்தனை, ஏறியவர் எத்தனை? நம் அப்பன் பாட்டன் ஷாஃப்ட் வாசலில் கேட்ட கேள்வி அது. ஆஸ்பத்திரி வாசலிலும் அதையே கேட்போம். கடைசிக் கட்டில் காலியாகும் வரை, அல்லது அந்தக் கட்டிலருகே ஓர் ஆள் நிற்கும் வரை, கணக்கு முடியவில்லை தோழர்களே!